எதுக்குச் சிரமம்

என் கணவர் பூமிநாதனுக்குக் கார் ஓட்டத் தெரியும், போன் பேசத் தெரியும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் மட்டும் எதிர்முனையில் இருப்பவன் குடும்பத்தையே தெருவுக்கு இழுத்துவிடுவார். வண்டி மூன்றாவது கியருக்குப் போனதும் வாயும் அதே வேகத்துக்குப் போய்விடும். கல்யாணமான புதிதில் இது டிராபிக்கால் வருகிற கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, டிராபிக் இல்லாத ரோட்டில் இன்னும் வசதியாகத் திட்டுவார்.

மதுரை பைபாஸ் ரோட்டில் எங்களுக்குக் கார் ஆக்சஸரீஸ் கடை. சீட் கவர், மேட், சன் ஃபிலிம், ஸ்பீக்கர். கல்லாவில் நான் உட்காருவேன். எங்கள் கடைக்கு நேர் எதிரே இன்னொரு கடை, அதே சீட் கவர், அதே மேட், எங்களுடையதைவிட ஒரு முழம் பெரிய போர்டு. அதன் முதலாளி தவமணி, என் கணவரின் தங்கை சுகந்தியுடைய புருஷன். எங்கள் கடையில்தான் தொழில் கற்றான். கற்று முடித்ததும் ரோட்டைக் கடந்து போய் அந்தப் பக்கம் ஷட்டரைத் தூக்கினான். அன்றைக்கு இரண்டு பேரும் நடுரோட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், பின்னால் டவுன் பஸ் வரிசையாக நின்றது. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டை போட்டது இரண்டு ஆம்பிளைகள், பேச்சை விட வேண்டியிருந்தது நானும் சுகந்தியும். அவள் கடைக்கு வரும் நாளில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பாள், இந்தப் பக்கம் நான் நிற்பேன். பார்த்தும் பாராததுபோல் இருவரும் ஷோகேஸைத் துடைப்போம்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சுகந்தியின் மகள் இலக்கியாவை இவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். இவர் தோளில் ஏறித்தான் அவள் சித்திரைத் திருவிழா பார்த்தாள். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர்வரிசையை நாங்கள் எடுத்துப் போக வேண்டும், தட்டை நான் தூக்க வேண்டும். என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவரும் அப்படித்தான். ஆனால் அதை வாயால் சொன்னால் மீசை உதிர்ந்துவிடுமே, அதனால் சொல்ல மாட்டார்.

இந்த நிலைமையில்தான் பிரிசில்லா வந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியின் இன்ஜினியர், நெற்றியில் கூலிங் கிளாஸைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி. போனைக் கையில் எடுக்காமல் காரில் பேசுகிற கருவி, பெயர் ‘தோழன்’. இந்த மாதிரி எங்கள் கடையில் ஏற்கெனவே பல விதம் தொங்குகிறது என்று இவர் எரிந்து விழுந்தார். இது வேறு சார் என்றாள் அவள். பேச்சு தெளிவாக இருக்கும், ஓட்டுகிறவர் மனசு சிதறாது, இதை மாட்டிய வண்டிக்கு இன்சூரன்ஸ்காரர்களே தள்ளுபடி தருகிறார்களாம். முதலில் உங்கள் சொந்தக் காரில் மாட்டி ஓட்டிப் பாருங்கள், பிடித்திருந்தால் ஊருக்கே நீங்கள்தான் ஏஜென்சி என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் அடுத்து எதிர்க் கடைக்குப் போவதற்காகப் பையை எடுத்தாள். உடனே கார் சாவியை நீட்டினார்.

சன் வைசர் பக்கம் மைக்கை ஒட்டி, டேஷ்போர்டுக்கு அடியில், நான் உட்காரும் பக்கமாகப் பெட்டியைத் திருகி மாட்டினாள். அதில் கடுகளவு ஒரு பச்சை விளக்கு. வண்டி ஓடும்போது எரியும், நின்றால் அணைந்துவிடும் என்று காட்டிக்கொடுத்தாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் விஷயம் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு நடந்தவை எனக்கு விளங்கவில்லை. வண்டியில் போகும்போது பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், சீட் கவர் துணி அனுப்புகிற திருப்பூர்க்காரனை இவர் கிழிகிழியென்று கிழிப்பார். அந்தப் பக்கம் அவன் அடக்கமாக, சரிங்க, பார்த்து அனுப்புறேங்க என்பான். முன்பெல்லாம் பதிலுக்கு அவனும் ஒரு பாட்டம் ஆடுகிறவன்தான். கோயம்புத்தூர் டீலர், பேங்க் மேனேஜர், எல்லாரும் அப்படியே. இப்பதான் பயலுகளுக்கு என் அருமை தெரியுது என்று இவர் மீசையை நீவிக்கொண்டார்.

எனக்கு நேர்ந்தது வேறு. நான் கடையிலிருந்து கூப்பிட்டால் இவர் குரல் வேறு மாதிரி இருந்தது. ‘கனகவல்லி, இன்னும் பில் போடலியா, சரி, முடியுறப்ப போடு’ என்றார் ஒருநாள். கையிலிருந்த பேனாவை நான் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் ‘முடியுறப்ப’ என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பழைய ஆள்தான், பில் போடாததற்கு மறுபடியும் கத்தினார். ஆனால் வண்டியிலிருந்து பேசும்போது மட்டும் மனிதர். நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இவர் வண்டியில் இருக்கும் நேரம் பார்த்து வேண்டுமென்றே கூப்பிட ஆரம்பித்தேன். ஒன்றுமே கேட்க இல்லாவிட்டாலும், எங்கே வந்துக்கிட்டு இருக்கீங்க என்று கேட்பேன். அந்தக் குரலைக் கேட்பதற்காக.

அப்போதுதான் சீட் கவர் மாற்ற வந்த ஒருவர் பேச்சுவாக்கில் இலக்கியாவுக்குக் கல்யாணம் என்றார். பத்திரிகை அவர் காரிலேயே கிடந்தது, காட்டினார். பெரியப்பன் பேர், சித்தப்பன் பேர், திருமங்கலத்து மண்டபத்தின் பேர் எல்லாம் இருந்தது. தாய்மாமன் என்று போட வேண்டிய இடத்தில் யாருமே இல்லை. இவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் குடோனில் உட்கார்ந்துகொண்டார். இவர் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

மறுநாள் பைபாஸில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று தவமணியின் நம்பரைப் போடச் சொல்லி வண்டிக்கு உத்தரவு போட்டார். நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. அவன் எடுத்ததும் ஆரம்பித்தார். அச்சில் ஏறக்கூடிய பகுதி மட்டும் இது:

“என் பேரை விட்டுட்டுப் பத்திரிகை அடிச்சிருக்கியாடா? என்னை மீறி அந்தப் புள்ள கழுத்துல தாலி எப்படி ஏறுதுன்னு நானும் பாக்குறேன்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தவமணி நாக்கும் சாணை பிடித்த நாக்குதான், ஒன்றுக்குப் பத்தாகத் திருப்புவான். ஒரு மூச்சு விடும் நேரம் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. பிறகு நிதானமாக, தணிந்த குரலில் பேசினான்.

“மச்சான், நீங்க வர வேணாம். சீரும் வேணாம். எதுக்குச் சிரமம்.”

அவ்வளவுதான், வைத்துவிட்டான். இவர் வண்டியை ஓரம் கட்டி என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

நம் ஊரில் பிறந்து வளர்ந்த யாரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். இலையில் இரண்டாம் தரம் சோறு வைக்க வந்தால் கையைக் குறுக்கே நீட்டி வேணாம் என்கிறோம். அப்படிச் சொன்னவருக்கு வைக்காமல் போனால் அவர் ஊர் பூராவும் சொல்லித் திரிவார். வீட்டுக்கு வந்தவர் காபி வேணாம், எதுக்குச் சிரமம் என்பார், நாம் அடுப்பைப் பற்றவைப்போம். நிஜமாகவே வேண்டாமென்றால் குரலில் ஒரு வெட்டு இருக்கும், முகம் திரும்பும், கை ஓங்கும். மெல்லச் சொல்கிற வேணாமுக்கு அர்த்தம், இன்னொரு தடவை கூப்பிடு என்பது. பெண்ணைப் பெற்றவன், கல்யாண நேரம், இறங்கி வந்துவிட்டான். நேரே வா என்று கூப்பிட ரோஷம் விடவில்லை. நான்தான் இவரிடம் அப்படிச் சொன்னேன். போனா வேணாம்னா சொல்லப்போறான், நாம போவோம் என்று நான்தான் சொன்னேன். இவர் மறுத்தார், அதுவும் மெல்லத்தான் மறுத்தார்.

பட்டுப் புடவை எடுத்தோம். வெள்ளி விளக்கு, பித்தளை அண்டா, பழம், பூ, மஞ்சள், குங்குமம், சர்க்கரை, மாப்பிள்ளைக்கு மோதிரம், தட்டு தட்டாக அடுக்கினோம். என் தம்பிமார் குடும்பத்தோடு வேனில் வந்தார்கள். திருமங்கலத்து மண்டபத்துக்கு முன்னால் நாங்கள் காரிலிருந்து இறங்கி, நான் தலைத்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். உள்ளே நாதஸ்வரம் கேட்டது. எனக்கு அழுகையாக வந்தது, சந்தோஷத்தில்.

வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் முதலில் விலகினார்கள். தவமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

“வந்தா காலை ஒடிப்பேன்னு போன்ல அம்புட்டுத் தூரம் சொல்லியும் வந்திருக்கியே, உனக்கெல்லாம் மானமே கிடையாதா?” என்றான்.

இவருக்குப் புரியவில்லை. நீதானே எதுக்குச் சிரமம்னு தன்மையாப் பேசினே என்றார். அது தவமணிக்கு எப்படிக் கேட்டதோ, கேலி செய்வதாக நினைத்துவிட்டான்.

“தன்மையாப் பேசுனது நீ. பத்திரிகைல பேரு இல்லன்னாலும் பரவால்ல, அவ கழுத்துல தாலி ஏறுறதை மட்டும் பாக்கணும்னு அழுகாத குறையாக் கேட்ட. அப்பவும் மசியல நான்.”

“நான் கெஞ்சினேனா? உங்கிட்டயா?”

இவருக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. கை நீண்டது. அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து விழுந்தார்கள், என் தம்பிகள் குறுக்கே பாய்ந்தார்கள். என் கையிலிருந்த தட்டை எவனோ தட்டிவிட்டான். குங்குமம் என் புடவை பூராவும் கொட்டியது, வாழைப்பழத்தை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். மண்டபத்தின் உள்வாசலில் சுகந்தி பட்டுப் புடவையில் நின்றாள். ஓடி வரப் பார்த்தாள், அவள் நாத்தனார் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தம்பிமாரிடம் சாமான்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு இவரைக் காருக்குள் தள்ளி நானும் ஏறினேன். தெருமுனையில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். சட்டைப் பொத்தான் இரண்டு போயிருந்தது. கெஞ்சினேனாம், கெஞ்சினேனாம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் முதலில் பொறி தட்டியது. திருப்பூர்க்காரன் அடங்கிப் போனது, ‘முடியுறப்ப போடு’ என்ற குரல், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து நின்றது. பிரிசில்லாவைக் கூப்பிடச் சொன்னேன்.

இவர் கத்திய கத்தலில் அந்தப் பெண் பயந்துவிட்டாள். இதுவரை அவளுக்கும் இவர் ஓடுகிற வண்டியிலிருந்துதான் பேசியிருக்கிறார் போலிருக்கிறது. நான் போனை வாங்கி, அந்தப் பெட்டி என்ன செய்கிறது, உள்ளதைச் சொல் என்றேன்.

“கோபமாப் பேசிக்கிட்டே ஓட்டுறவங்கதான் அதிகமா ஆக்சிடென்ட் பண்றாங்க மேடம். அதனால பெட்டி ரெண்டு பக்கத்துப் பேச்சையும் வாங்கி, கோபத்தை எடுத்துட்டு, விஷயத்தை மட்டும் அவங்கவங்க குரல்லயே அனுப்பும். திட்டு போயிடும். மிரட்டல் வந்தா, அதுல என்ன கருத்தோ அது மட்டும்.”

“காலை ஒடிப்பேன்னு சொன்னா?”

“வந்தா உங்களுக்குக் கஷ்டம், அதனால வர வேணாம். அப்படி எடுத்துக்கும் மேடம்.”

எதுக்குச் சிரமம். நான் சிரித்துவிட்டேன், என்னால் அடக்க முடியவில்லை. எங்கள் ஊரில் கோபத்தை எடுத்துவிட்டால் வேணாம் என்பதற்கு வா என்று அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியாதா, நீயும் தமிழ்ப் பெண்தானே என்று கேட்டேன். எனக்குத் தோணலியே மேடம் என்றாள். பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் வெளிநாட்டில் எழுதியது, அங்கே வேணாம் என்றால் வேணாம்தானாம். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சோதனையில் சொல்லிப் பார்த்தோம் என்றாள். தங்கள் கோபம் எதிராளிக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் ஆட்களுக்கு இன்னும் கோபம் வந்ததாம். அதனால் சொல்வதை நிறுத்திவிட்டார்களாம்.

“வண்டி ஓடுறப்ப மட்டும்தான் மேடம். நின்னுட்டா உள்ளது உள்ளபடி போகும்” என்றாள், ஏதோ அது ஒரு சமாதானம் என்பதுபோல.

இவர் போனைப் பிடுங்கிப் பேச்சைத் துண்டித்தார். அந்தக் குரல் பெட்டியுடையது என்பதை நான் அப்போதுதான் முழுசாக விழுங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளை ஒரு தடவை பார்த்தேன். இத்தனை நாள் கல்லாவில் உட்கார்ந்து, போன் மணி அடிக்கும்போதெல்லாம் பூரித்துப் போனவளை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

வண்டியை எடுத்தார். குனிந்து பெட்டியைப் பிய்த்து எறியப் பார்த்தார், திருகு விடவில்லை. இனிமேல் இதற்குள் எவன் தேனாகப் பேசினாலும் நம்ப மாட்டேன், தேனுக்கு அடியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று கத்திக்கொண்டே ஓட்டினார். ஊருக்கு வெளியே ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் ஒரு லாரி. ஏசிக்காக என்ஜினை அணைக்காமல் அப்படியே நின்றோம். அப்போது சுகந்தியின் பெயர் திரையில் வந்தது.

“அண்ணே, திரும்பி வாண்ணே.” மெல்லிய குரல். “அவரை அவங்க அண்ணனே ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு. இலக்கியா, மாமா வராம மணவறைக்குப் போக மாட்டேன்னு உக்காந்திருக்கா. முகூர்த்தம் இன்னும் இருக்கு. எனக்கு உம்மேல எந்தக் கோபமும் இல்லண்ணே, வா.”

இவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாத்தியா, பெட்டி எப்படிச் சமைச்சுக் குடுக்குதுன்னு என்றார் என்னிடம். உண்மையில் அவள் என்னென்ன திட்டிக்கொண்டிருக்கிறாளோ என்று நானும்தான் ஒரு கணம் நினைத்தேன். பிறகு மைக் பக்கம் திரும்பினார். நாம என்ன பேசினாலும் பன்னீர் தெளிச்சுத்தானே அனுப்பப் போகுது என்ற தைரியம். நான்கு வருஷத்துக் கோபத்தையும், வாசலில் பட்ட அவமானத்தையும் சேர்த்து எடுத்தார். தங்கையைச் சொன்னார், அவள் புருஷனைச் சொன்னார். கடைசியில், ஏறப்போகிற அந்தத் தாலி எத்தனை நாளைக்குத் தங்கும் என்று ஆரம்பித்தார். மீதியை எழுத எனக்குக் கை வரவில்லை. தாய்மாமன் வாயிலிருந்து, தாலி ஏறப்போகும் நாளில், எந்த வீட்டிலும் வந்திருக்க முடியாத சொல் அது.

நான் தற்செயலாகத்தான் கீழே பார்த்தேன். பச்சை விளக்கு எரியவில்லை.

பாய்ந்து இவர் வாயைப் பொத்தினேன். சொல்லி முடித்துவிட்டிருந்தார். ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கேட்டது, ஏதோ ஒரு குழந்தை அழுதது. “சரிண்ணே” என்றாள் சுகந்தி. வைத்துவிட்டாள்.

ரயில் போனது. கேட் தூக்கினார்கள், லாரி நகர்ந்தது, எங்கள் சக்கரமும் உருண்டது. டேஷ்போர்டுக்கு அடியில் விளக்கு எரிந்தது. நான் விரலை நீட்டிக் காட்டினேன். இவர் அதைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, நீ பேசு கனகா, எனக்காக நீ பேசு என்றார். அப்படி ஒரு குரலில் என்னிடம் இவர் பேசுவதை, பெட்டி இல்லாமல், அன்றுதான் கேட்டேன்.

போனைப் பெட்டியிலிருந்து துண்டித்து, காதில் வைத்து, சுகந்தியைக் கூப்பிட்டேன். எடுத்தாள். அழுதிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், அழவில்லை. சுகந்தி, உங்க அண்ணனுக்கு விவரம் தெரியாமப் போச்சு, பெட்டிதான் காரணம், நாங்க இப்பவே திரும்பி வர்றோம், கால்ல விழுறோம் என்று நான் ஏதேதோ உளறினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்று வேண்டினேன்.

“வேணாம் மதினி. வராதீங்க. எதுக்குச் சிரமம்.”

நிதானமாக, தணிந்த குரலில் சொன்னாள். வண்டி நின்றிருந்தது. விளக்கு எரியவில்லை. எங்களுக்கு நடுவில் போனைத் தவிர எதுவும் இல்லை. அதில் ஒரு சொட்டுக் கோபம் இருந்திருந்தால் நான் அப்படியே ஓடியிருப்பேன்.

இவர் தலையைத் தூக்கி, என்ன சொன்னா என்று கேட்டார். எதுக்குச் சிரமம்னு சொன்னா என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கை கியரைத் தேடியது. “அப்ப கூப்பிடத்தான் செய்யிறா. வண்டியத் திருப்பவா?”

புடவையில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்டிவிட்டேன், போகவில்லை. வீட்டுக்குப் போங்க என்றேன்.